ஓ.டி.பி. சொல்றதும் கையெழுத்துதான்!



இந்த மாதப் பாடம் கையெழுத்தைப் பற்றியது. "அதான் குழுவில் சேர்ந்த நாள் முதல் போட்டுக்கிட்டு இருக்கோமே, இதில் என்ன பாடம்?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இது பேனா இல்லாமல் போடுகிற கையெழுத்து.

1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில், நம்மில் பலர் கைநாட்டுதான் வைத்தோம். பிறகு அறிவொளி வகுப்பிலும் குழுக் கூட்டத்திலும் எழுதிப் பழகி, வங்கியில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாளை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நாம் படித்த முதல் பாடம்: "வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே." இப்போதும் அதே பாடம்தான். தாளுக்குப் பதில் செல்போன் வந்திருக்கிறது.

நம் அக்கா ஒருவருக்கு நடந்தது

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த அக்கா ஒருவர் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தார். "உங்க கணக்கைச் சரிபார்க்கணும், போனில் வந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்றார். அக்காவும் சொன்னார். மூன்று மாதம் கழித்து, பக்கத்துத் தெருக்காரர் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் என்று தவணை கேட்டு வந்தார்கள். "நான் எங்கேயும் கையெழுத்தே போடலையே!" என்றார் அக்கா. வந்தவர்கள் செல்போனில் ஒரு பத்திரத்தைக் காட்டினார்கள். அடியில் அக்காவின் பெயர், தேதி, மணி, நிமிடம் எல்லாம் இருந்தது. அந்த ஆறு நம்பர்தான் கையெழுத்து! புகார் கொடுத்துவிட்டோம். அலைச்சல் இன்னும் முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், முறைப்படி போட்ட மின்னணுக் கையெழுத்தைப் பேனாக் கையெழுத்துக்குச் சமமாக ஏற்கிறது. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு மட்டும் இது செல்லாது. நாம் சந்திப்பவை மூன்று வகை:

1. கையெழுத்தைப் போட்டோ எடுத்து ஒட்டுவது. இது வெறும் படம். யார் வேண்டுமானாலும் வெட்டி வேறு தாளில் ஒட்டலாம். அதனால் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

2. ஆதார் இ-சைன். 2015ல் வந்தது. ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தாலோ, கருவியில் விரல் வைத்தாலோ கையெழுத்து விழுந்துவிடும்.

3. டோக்கன். பென் டிரைவ் மாதிரி இருக்கும், ரகசிய எண் உண்டு. உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநராக இருக்கும் நம் சகோதரிகள் கம்பெனிக் கணக்குத் தாக்கல் செய்யவும், டெண்டர் போடவும் இது தேவை.

இது எப்படி வேலை செய்கிறது?

தீர்மானப் புத்தகத்தில் ரூ.20,000 என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு, யாராவது ஒரு சைபர் சேர்த்தால்? தாளில் கண்டுபிடிப்பது கஷ்டம். டிஜிட்டல் கையெழுத்தில், பத்திரம் முழுவதையும் வைத்து கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு, அந்த விடையைப் பூட்டி வைக்கிறது. பின்னால் ஒரு புள்ளியை மாற்றினாலும் விடை ஒத்துப் போகாது, திருத்தியது தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்று. பிறகு திருத்துவதைத்தான் இது காட்டிக் கொடுக்கும். படிக்காமல் நாம் ஒத்துக்கொண்டதில் இருந்து நம்மைக் காப்பாற்றாது.

சரிபார்ப்பது எப்படி?

கையெழுத்தான பி.டி.எஃப். கோப்பை கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். பச்சை டிக் வந்தால் சரி. கேள்விக்குறி வந்தால் உடனே போலி என்று பயப்பட வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரால் கையெழுத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று அர்த்தம், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சிவப்புக் குறி வந்தால் அந்தப் பத்திரத்தை ஏற்காதீர்கள். பிரிண்ட் எடுத்த தாளில் இந்தச் சோதனை செய்ய முடியாது. எனவே தாள் கையில் இருந்தாலும், மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

* முதலில் வாசிப்பு, பிறகு ஓ.டி.பி. வாசிக்கச் சிரமம் என்றால் குழுவில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு வெட்கம் வேண்டாம்.

* "டைம் முடியப் போகுது, சீக்கிரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் நிறுத்துங்கள். அந்த ஓ.டி.பி. போனால் இன்னொன்று வரும். 2024 அக்டோபர் 1 முதல், வங்கியும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் கடன் நிறுவனமும் தனிநபர் கடன், சிறுதொழில் கடன் தரும்போது, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று காட்டும் 'முக்கிய விவர அறிக்கை'யை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். 7 நாளோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால், யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் நமக்கு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

* உங்கள் ஆதாரோடு யாருடைய போன் நம்பர் இணைந்திருக்கிறது? கணவர் நம்பரோ மகன் நம்பரோ என்றால், உங்கள் ஓ.டி.பி. அவர்கள் போனுக்குத்தான் போகும். வீட்டு ஆட்கள் மேல் சந்தேகம் என்று இல்லை. பேங்க் பாஸ்புக்கை நம் பெயரில் வாங்கப் போராடினோமே, அதே நியாயம்தான் இதற்கும். ஆதார் சேவை மையத்துக்குப் போய் சொந்த நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள்.

* கைரேகையை ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகம் என்றால் 1947க்குப் போன் செய்யுங்கள்.

* டோக்கனையும் ரகசிய எண்ணையும் ஆடிட்டரிடமோ கணக்காளரிடமோ கொடுத்து வைக்காதீர்கள். அது கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தைக் கொடுத்து வைப்பது போல. ரகசியம் வெளியே போய்விட்டால், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பு நம்முடையது என்று சட்டத்தின் 42வது பிரிவு சொல்கிறது. தொலைந்த அன்றே தெரிவித்து ரத்து செய்யுங்கள்.

* ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கவனிக்க: உறுப்பினரின் ஓ.டி.பி.யை வாங்கி நாமே போட்டுவிடுவது உதவி இல்லை. ஏமாற்றும் நோக்கத்தோடு பிறர் மின்னணுக் கையெழுத்தைப் பயன்படுத்தினால், 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டு.

ஏமாந்துவிட்டால்?

பயந்து ஒளிக்க வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். கடன் பத்திரத்தில் தகராறு என்றால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. கூட்டமைப்பு அலுவலகத்துக்கும் வாருங்கள், சேர்ந்தே போவோம்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் எத்தனை பேருக்குச் சொந்த நம்பர் ஆதாரோடு இணைந்திருக்கிறது?
2. போன ஒரு வருடத்தில் யாரிடமெல்லாம் ஓ.டி.பி. சொன்னோம்? எதற்கு என்று தெரிந்து சொன்னோமா?
3. "வாசிக்காமல் ஓ.டி.பி. இல்லை" என்று தீர்மானம் போடலாமா?

கைநாட்டில் இருந்து கையெழுத்துக்கு வர நமக்குப் பல வருடம் ஆனது. படிக்காமல் விரலை வைத்து, மறுபடியும் கைநாட்டாகிவிட வேண்டாம் சகோதரிகளே!