இலக்கிய வரலாறா, சரித்திரப் பின்னணியா? எதை முதலில் வாங்குவது?



சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களை அண்டி வியாபாரம் செய்யும் நம்மில் பலர், நம் முன்னோரின் தமிழ் இலக்கியத்தைப் பற்றி நல்லதோர் ஆராய்ச்சி நூல் வாங்க ஆசைப்படுகிறோம். கையிலிருப்பதோ ஒரு நூலுக்கான பணம். கிடைப்பதோ கடை அடைத்த பின் அரை மணி நேரம். ஆகவே தேர்ந்து வாங்குவது அவசியமாகிறது.

இந்நூல்கள் இரு வகைப்படும். இன்னின்ன நூல்கள் உள்ளன, இன்னார் இயற்றினார் என்று எடுத்துரைப்பது ஒன்று. இது நமது இருப்புக் கணக்கைப் போன்றது. அந்நூல்கள் எக்காலத்தில், எச்சூழலில் தோன்றி எவ்வழியே பரவின என்று ஆராய்வது மற்றொன்று. இது சரக்கு வந்த வழியைச் சொல்வது போன்றது.

முதல் வகைக்கு, ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் ஆகிய இருவரும் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' சிறந்த சான்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1986 முதல் இதனைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என்று நம்மவர் தமிழுக்குத் தந்த புதுவகை இலக்கியங்களை இதில் அறியலாம்.

இரண்டாம் வகைக்கு, ரோனிட் ரிச்சி ஆங்கிலத்தில் எழுதி 2011-ல் வெளிவந்த 'இஸ்லாம் டிரான்ஸ்லேட்டட்' என்ற நூலைச் சொல்லலாம். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்து, விடை பெற்று, இஸ்லாத்தைத் தழுவியதாகக் கூறும் நூல் 'ஆயிர மசலா'. வண்ணப்பரிமளப் புலவர் 1572-ல் அதைத் தமிழில் பாடினார். அதே நூல் மலாயிலும் ஜாவானிய மொழியிலும் வழங்கியதை ரிச்சி ஒப்பிட்டு ஆராய்கிறார்.

இவற்றுள் எது முதலில்? நமக்கு முதல் வகையே முதலில் வேண்டும். என்ன சரக்கு இருக்கிறதென்று தெரியாதவனுக்கு, அது வந்த வழியைக் கேட்டுப் பயனென்ன? பின்னணியை மட்டும் படிப்பவர், ஆசிரியர் சொன்னதைச் சரிபார்க்க வகையின்றி அப்படியே நம்ப நேரிடும்.

ஆனால் மலாய்ப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. தமிழ் வீட்டு மொழி, மலாய் மார்க்க மொழி என்று அவர்கள் எண்ணத் தலைப்படுகிறார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் பாட்டனாரும் நம் பாட்டனாரும் ஒரே நூலைத் தத்தம் மொழியில் ஓதக் கேட்டிருக்கலாம் என்று அறியும் பிள்ளை, தன் தமிழைக் குறைவாக எண்ணாது. ஆங்கிலம் படிக்கும் வயது வந்ததும் இரண்டாம் நூலை அவர்கள் கையில் கொடுப்போம்.

எந்நூலானாலும் வாங்குமுன் இரண்டைப் பார்ப்போம்: மூலநூலின் அடிகளை ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறாரா? ஆண்டு சொல்லும்போது அதற்கு ஆதாரம் தருகிறாரா? இரண்டும் இல்லையெனில் பணத்தைப் பையிலேயே வைத்திருப்போம்.

விலை அதிகமென்றால் நான்கு கடைக்காரர் கூடி ஒரு பிரதி வாங்கி, முறை வைத்துப் படிக்கலாம். ஆனால் எந்த ஆராய்ச்சி நூலும் மூலத்திற்கு ஈடாகாது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்கள் கொண்டது. நாளொன்றுக்கு ஐந்து விருத்தம் படித்தால் மூன்றாண்டுக்குள் முடித்துவிடலாம். வல்ல அல்லாஹ் நமக்கு அந்த முயற்சியைத் தந்தருள்வானாக. ஆமீன்.