திரைப் பதிவுக்கு எந்த மென்பொருள்?

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறுவதை அறிவீர்கள். போமே மானியில் ஏறத்தாழ 3 பாகை காட்டும் நீர், 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. இதைக் கணிப்பொறித் திரையில் வரைபடமாக்கி, உங்கள் குரலிலேயே விளக்கிப் பதிவு செய்தால் நான்கு நிமிடப் பாடம் ஒன்று கிடைத்துவிடும். அதற்கு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஒரு கணக்கு. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட் தேவை. வினாடிக்கு 30 படங்கள் எனில், நான்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,479 கோடி பைட், அதாவது 45 ஜிகாபைட்! 32 ஜிகாபைட் பென் டிரைவில்கூட இது அடங்காது. ஆனால் நடைமுறையில் இத்தகைய பாடம் சில பத்து மெகாபைட்டிலேயே அடங்கிவிடுகிறது. எப்படி?

அளத்தைத் தினமும் சுற்றி வருபவர் எல்லாப் பாத்திகளையும் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டியதில்லை; நேற்றைக்கு இன்று மாறியவற்றைக் குறித்தால் போதும். மென்பொருளும் அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாறிய பகுதியையே பெரும்பாலும் சேமிக்கிறது. வரைபடம் அசையாமல் நிற்பதால் கோப்பு சிறுக்கிறது. இதற்கு வினாடிக்கு 15 படங்களே போதும்.

இனி, நான் பட்ட பாடு. ஒரு மாலை, பாடத்தை முடிக்கும் தறுவாயில் மின்சாரம் நின்றது. வட்டில் கோப்பு இருந்தது, ஓடத்தான் மறுத்தது! வழக்கமான எம்.பி.4 கோப்பில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கூறும் அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அட்டவணை இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்க வழியில்லை. எம்.கே.வி. வடிவில் அப்படியன்று, பாதியில் நின்றாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆகவே மின்தடை மிகுந்த ஊர்களில், கோப்பு வடிவத்தை மாற்ற இடந்தரும் மென்பொருளே என் தேர்வு. 2012-இல் வெளிவந்த ஓ.பி.எஸ். அத்தகையது, இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். அதன் முகப்பைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு திரை, ஓர் ஒலிவாங்கி, இவ்விரண்டைச் சேர்த்தால் போதும்.

அவசரத்துக்கு விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூல் எளிது. விண்டோஸ் 10-இல் உள்ள கேம் பார் ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பிடிக்கும். முகப்புத் திரையைப் பிடிக்காது. கணிப்பொறி இல்லாதவர்களுக்கு, ஆண்ட்ராய்டு 11 முதல் கைப்பேசியிலேயே இவ்வசதி உண்டு.

பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைப் பாருங்கள். ஏறத்தாழ பத்து நிமிடப் பாடங்கள். திரைக்காட்சி அதுவே, குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில். பேச்சை முன்கூட்டியே எழுதி வைப்பதால் இது இயல்கிறது. நீங்களும் எழுதிவைத்துப் படியுங்கள். கடற்காற்று ஒலிவாங்கியில் மோதினால் இரைச்சலே மிஞ்சும், சன்னலைச் சாத்திவிடுங்கள்.

தேர்ந்தெடுத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அரை நிமிடம் பேசிப் பதியுங்கள். பதிவு நடக்கும்போதே டாஸ்க் மேனேஜர் வழியாக மென்பொருளை வலிந்து மூடுங்கள். பிறகு அந்தக் கோப்பு ஓடுகிறதா, உங்கள் குரல் கேட்கிறதா என்று பாருங்கள்.