சிற்றடிக்குத் தக்க செலவு

சனி, ஞாயிறு ஆகிய இரு நாள் விடுமுறையில் சென்னையைக் காண வெளியூர்களிலிருந்து வரும் குடும்பங்கள் பல. அவற்றுள் நடைபயிலும் மழலை ஒன்றேனும் இல்லாத குடும்பம் அரிது. காலையில் எழும்பூர் நிலையத்தில் இறங்கும்போதே தந்தையார் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கோயில், கடற்கரை, கலங்கரை விளக்கம், கடைத்தெரு, பூங்கா எனப் பத்து இடங்கள் அதில் அடங்கியிருக்கும். மாலையில் அக்குடும்பத்தை மீண்டும் காண்போமாயின், பட்டியலில் ஏழு இடங்கள் முடிந்திருக்கும். குழந்தையோ அழுது ஓய்ந்து தாயின் தோளில் துவண்டு கிடக்கும். அக்குழந்தை கண்டது யாது என்று வினவினால் விடை கூறுவார் இலர்.

குழந்தைக்கு நகரைக் காட்டுவது ஒன்று. குழந்தையைச் சுமந்துகொண்டு நகரில் திரிவது மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை அடையாறு, தியாகராய நகர், மயிலாப்பூர் ஆகிய மூன்று பகுதிகளை வைத்து எண்ணிப் பார்ப்போம். மாணவர்களே, இது பெற்றோர்க்கு உரிய செய்தி என்று நீங்கள் கருதிவிட வேண்டா. தம்பியின் கையையோ தங்கையின் கையையோ பற்றிக்கொண்டு நடக்கும் கடமை பெரும்பாலும் உங்களுக்கே வாய்க்கின்றது.

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் செல்லுதலைக் குறித்தது. தலைவன் பொருள்தேடப் பிரிய எண்ணிப் பின்னர்ப் பயணத்தைத் தவிர்தலைச் 'செலவழுங்கல்' என்பர் இலக்கண நூலார். இன்று அச்சொல் பணம் கரைதலைக் குறிக்கின்றது. குழந்தைகளுடன் சென்னைக்குப் போந்தவர் இரு பொருளையும் ஒருங்கே உணர்வர். அது நிற்க.

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் நுணுகி நோக்கியவர் நம் முன்னோர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகின்றது. காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய மூன்று, ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் அமையும். புலவர்கள் இவ்வாறு பகுத்தது பாடுதற்கு என்றாலும், வழிநடைக்கும் அப்பகுப்பு உதவும். கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்துக் குழந்தைக்கு எவ்வூரும் ஒன்றே. தாயின் மடி உடன் வந்தால் போதும். சிறுதேர் உருட்டும் பிள்ளை சொன்னால் ஓரளவு கேட்கும். இடைப்பட்ட வாரானைப் பருவந்தான் கடினமானது. அக்குழந்தை நடக்க விரும்பும். நெடுந்தொலைவு நடக்க இயலாது. தூக்கினால் இறக்கிவிடு என்னும். இறக்கினால் தூக்கு என்னும். அதன் கால்களை அளவுகோலாகக் கொண்டே குடும்பத்தின் செலவு முழுவதும் வகுக்கப்பெறல் வேண்டும். அரை நாளுக்கு ஓரிடம் என்பதே என் கணக்கு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நண்பகலில் உணவும் உறக்கமும். சென்னை வெயிலில், அதிலும் சித்திரை வைகாசியில், பதினொரு மணிக்கு மேல் குழந்தையை வெளியே கொண்டு செல்வது கொடுமை. மார்கழியும் தையும் இதமானவை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எந்நாளிலும் திட்டத்தைக் கெடுக்கலாம்.

சனிக்கிழமைக் காலையை அடையாற்று ஆலமரத்திற்கு ஒதுக்குதல் நன்று. அடையாற்றின் தென்கரையிலுள்ள பிரம்மஞான சபையின் தோட்டத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனப் போற்றப்படும் ஆலமரம் ஒன்று உள்ளது. 1882 முதல் அச்சபையின் தலைமையிடம் இங்கே இயங்கி வருகின்றது. ஞாயிற்றுக்கிழமையில் பார்வையாளரை விடுவதில்லை. பிற நாள்களிலும் காலையிலும் பிற்பகலிலும் சில மணி நேரமே வாயில் திறந்திருக்கும். ஆதலின் முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும். 1989-இல் வீசிய புயற்காற்றில் இம்மரத்தின் அடிமரம் சாய்ந்துவிட்டது. ஆயினும் மண்ணில் ஊன்றிய விழுதுகள் தாமே மரமாகி நின்று கிளைகளைத் தாங்குகின்றன. பெரியோர் இதனைக் கேட்டு வியப்பர். குழந்தை வியப்பது அங்குள்ள எறும்பைக் கண்டு. வியக்கட்டும், எறும்பும் அத்தோட்டத்தைச் சேர்ந்ததே.

மரத்தைவிட விலங்குகளை விரும்பும் பிள்ளைகளுக்கு அருகிலேயே கிண்டி உள்ளது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அக்காட்டில் வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. நகரின் நடுவே இத்தகைய காடு அமைந்திருப்பது அரிய பேறு. அதனை ஒட்டிச் சிறுவர் பூங்காவும், ரோமுலஸ் விட்டேகர் 1972-இல் நிறுவிய பாம்புப் பண்ணையும் உள்ளன. ஆலமரம், கிண்டி இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம் என்று எண்ணுவோர் பட்டியற்காரர் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

மாலையில் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய இப்பகுதி, 1920-களில் நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து அமைக்கப்பட்டது. ஒருகாலத்தில் நீர் நிறைந்திருந்த இடத்தில் இன்று மக்கள் நிறைந்திருக்கின்றனர். பாண்டி பசார் எனப்படும் சாலையில் 2019-இல் அகன்ற நடைபாதை அமைக்கப்பட்டது. அங்குக் குழந்தை கைப்பிடித்து நடக்கலாம். பனகல் பூங்காவில் அமரலாம். மாம்பலம் இரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளமுள்ள வான்நடைபாலம் 2023-இல் திறக்கப்பெற்றது; கூட்டத்தின் ஊடே செல்லாமல் அதன் மேலேயே கடந்துவிட அது உதவும். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்கள் பலவற்றில் தாய்மார் பாலூட்டுதற்கெனத் தனியறைகள் 2015 முதல் உள்ளன என்பதையும் கைக்குழந்தையுடையோர் நினைவில் கொள்க.

அரங்கநாதன் தெருவைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகிறேன். பண்டிகைக் காலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாகாது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ மூன்றடி. நமக்குக் கடைகளும் விளக்குகளும் தோன்றும் இடத்தில், அதற்குத் தோன்றுவன கால்களும் பைகளுமே. அக்கால்களுள் எவை தன் தாயின் கால்கள் என்று தேடுவதிலேயே அதன் பொழுது கழிகின்றது. பிடித்த கை ஒரு நொடி நழுவினால் தேடும் கால்களும் மறைந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை மாலையில், அப்பகுதியில் ஒரு துணிக்கடைப் படியருகே மூன்று வயதிருக்கும் பெண் குழந்தை தனியே நிற்கக் கண்டேன். கண்களில் நீர் நிறைந்திருந்தது, அழுகுரல் எழவில்லை. அருகில் குனிந்து, "உன் பெயர் என்ன, அம்மா?" என்றேன்.

"பாப்பா."

"அப்பா பெயர்?"

"அப்பா."

"வீடு எங்கே இருக்கிறது?"

"தாத்தா வீட்டுக்குப் பக்கத்திலே."

கடையின் வாயிற்காவலரும் வந்தார். நிழலில் அமர்த்தலாம் என்று அவர் கை நீட்டினார். குழந்தை படியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "அண்ணன் இங்கேயே நில் என்றான், வருவான்" என்றது. காவலர் அறிவுடையவர். குழந்தையை இழுக்கவில்லை, தம் முக்காலியை எடுத்து வந்து, அவ்விடத்திலேயே அதன்மேல் குழந்தையை நிற்க வைத்துத் தாம் அணைத்துப் பிடித்துக்கொண்டார். இப்போது அது கூட்டத்திற்கு மேலே தெரிந்தது. கால் மணி நேரத்திற்குள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். பின்னே தந்தையார் வந்தார். புறப்படும்போதே அச்சிறுவன், "கை விட்டுப்போனால் நகராதே, நான் திரும்பி வருவேன்" என்று தங்கையிடம் பலமுறை சொல்லி வைத்திருந்தானாம். தன் பெயரையும் சொல்ல அறியாத அக்குழந்தை அவ்வொன்றை மட்டும் மறவாமல் பற்றி நின்றது.

பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்தல் எளிது. காலையில் புறப்படும்போதே அக்குழந்தையை அன்றைய உடையில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுதல் அதனினும் எளிது. தேடும்போது, உடையின் நிறம் என்ன என்று கேட்டால் பதறிய தாய்க்கு நினைவு வாராது. தனியே தவிக்கும் குழந்தையைக் கண்டவர் 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணையோ, 112 என்னும் அவசர எண்ணையோ அழைக்கலாம்.

ஞாயிறு காலை மயிலாப்பூர். ஏழு மணிக்கே சென்றுவிடுதல் நலம். நண்பகலில் கபாலீசுவரர் கோயில் நடை சாத்தப்பெறும். 1906-இல் எழுந்த கிழக்கு இராசகோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரமுடையது. அதன் அடியில் நிறுத்திப் 'பார், பார்' என்றால் குழந்தைக்குக் கழுத்துத்தான் வலிக்கும். சந்நிதித் தெருவில் சற்று எட்ட நின்று காட்டினால் கோபுரம் அதன் கண்ணுக்கு அடங்கும். உள்ளே புன்னை மரத்தின் அடியில், அம்மை மயில் வடிவில் இறைவனைப் பூசித்த காட்சியைக் காணலாம். ஊர்ப்பெயரில் உள்ள மயில் கண்ணெதிரே நிற்கும்போது, இரண்டு வயதுக் குழந்தைக்கு வேறு தலபுராணம் வேண்டுவதில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பூம்பாவை கதையைச் சொல்லலாம். அரவு தீண்டி இறந்த அவ்வணிகர் மகளின் எலும்பும் சாம்பலும் இட்டு வைத்த குடத்தின் முன் ஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் உயிர்த்து எழுந்தாள் என்பது வரலாறு. இவ்வூரின் திருவிழாக்கள் பலவும் அப்பதிகத்தில் பேசப்படுகின்றன. பாடியவரும் மூன்று வயதிலேயே பாடத் தொடங்கிய பிள்ளை என்றால், கேட்கும் பிள்ளைக்குக் கதையில் தனி உரிமை பிறக்கும்.

கோயிலுக்கு மேற்கே தெப்பக்குளம். என் பெயரனுக்கு இரண்டரை வயதானபோது, குளத்து வேலியருகே நீரில் மீன்கள் வாய் திறந்து எழுவதைக் கண்டு நின்றுவிட்டான். ஒரு மீன் எழுந்தால் ஒருமுறை சிரிப்பான். அடுத்தது எழும்வரை மூச்சடக்கி நிற்பான். "மாமா, கலங்கரை விளக்கத்திற்கு நேரமாகிறது" என்றாள் என் மருமகள். 1977 முதல் ஒளி தரும் அவ்விளக்கத்தில் மேலேறிச் செல்ல மின்தூக்கி உண்டு; மேலிருந்து நகரும் கடலும் ஒருங்கே தோன்றும். இருப்பினும், "மீன் முடியட்டும், அம்மா" என்றேன். மீன் எங்கே முடிவது! அரை மணி நேரம் அங்கேயே கழிந்தது. கலங்கரை விளக்கம் காணாமலே திரும்பினோம். அவன் இன்று பள்ளிச் சிறுவன். விளக்கத்தைப் பின்னொரு நாள் தானே ஏறிப் பார்த்தான்.

புரட்டாசியில் செல்வோர் வடக்கு மாட வீதியையும் காணல் வேண்டும். நவராத்திரிக் கொலுவுக்குரிய மண்பொம்மைகள் தெருவோரத்தில், குழந்தையின் கண்மட்டத்திலேயே பரப்பி வைக்கப்பட்டிருக்கும். கைமட்டத்திலும் அவை இருக்கும் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. பங்குனியில் அறுபத்து மூவர் உலா வரும் நாள் காணத்தக்கதே. ஆயினும் கைக்குழந்தையுடையோர் வீதியோர வீடு ஒன்றின் திண்ணை வாய்த்தாலன்றி அந்நாளைத் தவிர்க்க.

நண்பகல் உறக்கத்திற்குப்பின் திருமயிலை நிலையத்திலிருந்து பறக்கும் இரயிலில் ஏறலாம். 1997-இல் திருமயிலையை எட்டிய அப்பாதை 2007-இல் வேளச்சேரி வரை நீண்டது. கூரைகளுக்கு மேலே ஓடி, கோட்டூர்புரத்திற்கு முன் அடையாற்றைக் கடக்கும் அவ்வண்டி பிள்ளைகளுக்குத் தனிக் காட்சி. ஐந்து வயது நிரம்பாதார்க்குக் கட்டணமும் இல்லை. படிகள் மட்டும் மிகுதி. தள்ளுவண்டியை வீட்டிலேயே விடுத்துக் குழந்தையை இடுப்பில் கொள்ளுதல் மேல். இந்திரா நகரில் இறங்கித் தானியில் சென்றால் பெசன்ட் நகர்க் கடற்கரை.

மணல் குழந்தைக்கு உரியது. சிற்றில் இழைத்து மகிழ அதனினும் நல்ல இடம் இல்லை. அலையோ எவர்க்கும் உரியதன்று. அக்கரையில் வெண்ணிறத் தூண்களும் வளைவும் கொண்ட ஒரு நினைவுச் சின்னம் நிற்கின்றது. 1930-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள், பிறர் உயிரைக் காக்க உதவும்போது இக்கடலில் மூழ்கி இறந்த ஸ்மிட் என்னும் டென்மார்க்கு நாட்டவர் நினைவாக எழுந்தது அது. வலிமையுடைய ஆடவர் ஒருவரையே கொண்ட கடல் இது. கணுக்கால் அளவு நீரிலும் பின்வாங்கும் அலை காலடி மணலைப் பறித்துச் செல்லும்; வளர்ந்தவர் தள்ளாடும் அவ்விடத்தில் குழந்தை உருண்டுவிடும். ஆதலின் ஒரு குழந்தைக்கு ஒரு கை என்பது இங்கே தவறாத விதி. மூன்று குழந்தைகளுடன் இரு பெரியோர் வந்திருப்பின், அலைக்கு அருகில் செல்லாமல் மணலில் அமர்க.

தை முதல் பங்குனி வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடுகின்றன. 1988-இல் தொடங்கப்பெற்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் கரையோரம் நடந்து அம்முட்டைகளைத் திரட்டிக் காப்பகத்தில் மணலுள் புதைக்கின்றனர். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை பொரிக்கும் நாள்களில், பொழுது சாயும் நேரத்தில் அவற்றைக் கடலருகே மணலில் விடுவர். உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சுகள் தாமே ஊர்ந்து நீரை அடைய வேண்டும் என்பதனால் எவரும் அவற்றைத் தூக்கி உதவுவதில்லை. கூடியிருப்போர் விலகி வழிவிட்டு நிற்பர். ஒரு குஞ்சு நான்கு அடி நகர்ந்து ஓயும், மீண்டும் நகரும். அலை வந்து அதனைப் பின்னே புரட்டும். அது திரும்பவும் கடலை நோக்கும். தந்தையின் தோள்மேல் அமர்ந்த குழந்தைகள், "இன்னும் போகவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பர். அது போய்ச்சேரும் வரை எவரும் புறப்படுவதில்லை.