மரப்பெட்டியும் ஒரு முத்திரையும்

அன்புத் தம்பிக்கு,

அகதிகளைப் பற்றிய நாவல்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். ஒரு விமான நிலைய மேசையிலிருந்து தொடங்கு.

மேசைக்கு இந்தப் பக்கம் சாலே ஒமர், வயது 65. சான்சிபாரிலிருந்து வந்து லண்டன் காட்விக்கில் இறங்கியிருக்கிறார். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறொருவர் பெயர். மெல்வில் கதையெல்லாம் இங்கிலீஷிலேயே படித்த மனிதர். ஆனால் இங்கிலீஷ் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று டிக்கெட் விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். 'அகதி', 'அடைக்கலம்' என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. அப்துல்ரசாக் குர்னா 2001இல் வெளியிட்ட 'பை தி சீ' நாவலின் தொடக்கம் இது. குர்னாவும் 1964 புரட்சிக்குப் பின் சான்சிபாரை விட்டு இளவயதில் இங்கிலாந்து போனவர்தான். 2021இல் நோபல் பெற்றார்.

சாலே ஒமரின் பையில் ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே 'ஊத் அல் கமாரி', நம் ஊர்ச் சொல்லில் அகில். பருவக்காற்றோடு கப்பலேறி வந்த பாரசீக வணிகர் ஒருவரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. நோய் கண்ட மரத்தில்தான் அந்த வாசனைப் பிசின் ஊறும். ஓர் இந்தியப் பெருங்கடல் வணிகமே அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. குடிவரவு அதிகாரி கெவின் எடெல்மனுக்கு அது தெரியாது. ஆனால் வாசனை பிடித்திருக்கிறது. எடுத்து வைத்துக்கொள்கிறார். அவருடைய பெற்றோரும் ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். ஆனால் அவர்கள் ஐரோப்பியர்கள், அது வேறு என்பது அவர் கட்சி. குர்னா எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. அதனால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1963இல் எழுதிய குறுநாவலில் மேசை இன்னும் கொடியது. 'வெயிலில் மனிதர்கள்' என்பது தலைப்பின் பொருள். மூன்று பாலஸ்தீனர்கள் ஒரு காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து குவைத்துக்குப் போகிறார்கள். ஆகஸ்ட் வெயில். எல்லைச் சாவடிக் குமாஸ்தாக்கள் யாரோ ஒரு நடனக்காரியின் பெயரைச் சொல்லி ஓட்டுநரைக் கிண்டலடித்தபடி காகிதத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். முத்திரை விழுந்து, வண்டி நகர்ந்து, தொட்டி மூடி திறக்கும்போது மூவரும் பிணம். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதே. தெரிந்து படித்தாலும் உறைக்கும்.

இப்படி மேசை முன் அடைக்கலம் கேட்டுச் சொல்லும் கதைக்கு, அகதிகளாகப் போன நம்மவர்கள் 'கேஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேஸில் தேதிகள் பிசகக் கூடாது, தழும்புக்குக் காரணம் சொல்ல வேண்டும், இரண்டாம் விசாரணையில் சொன்னது முதலாவதோடு ஒத்துப்போக வேண்டும். பயந்து ஓடியவனின் நினைவு அப்படி வரிசையாக வராது. ஈழப் போராளி இயக்கத்தில் இருந்துவிட்டுப் பிரான்சில் அடைக்கலம் பெற்ற ஷோபாசக்தி, 2001இல் வெளியான 'கொரில்லா'வில் அகதி விண்ணப்பக் கடிதத்தையே நாவலுக்குள் வைத்தார். எது நடந்தது, எது கேஸுக்காக எழுதியது என்று பிரிக்கப் பார்க்கும்போது, நாமே அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியும். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தில் நாயகனாக நடித்தவரும் ஷோபாசக்திதான். இறந்துபோனவர்களின் பாஸ்போர்ட்டில், முன்பின் அறியாத மூவர் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்ஸ் போகும் கதை அது.

முதலில் கொரில்லாவைப் படி, சிறிய புத்தகம். பிறகு குர்னாவை எடு. எடெல்மன் பெட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்