விண்கல்லும் ஜீவனின் மூலப்பொருள்களும்



வானத்துக் கல்லில் உயிருக்கான பொருள் அகப்பட்டதென்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வரும் உங்கள் பிள்ளை, "அப்படியானால் நம்மைப் படைத்தது யார்?" என்று வினவக்கூடும். அதட்டி வாயை அடைக்காதீர்கள். விஷயத்தை முதலில் நாமே சரிவர அறிந்துகொள்வோம்.

1969-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் ஒன்று சிதறி விழுந்தது. 100 கிலோவுக்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றை அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த சிரில் பொன்னம்பெருமாவும் அவர் தோழர்களும் சோதித்தார்கள். இவர் நமக்கு அந்நியரல்லர். 1923-ல் இலங்கையில் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-ல் தத்துவ சாஸ்திரப் பட்டம் பெற்று, பிறகு இரசாயனம் பயின்றவர்.

அந்தக் கல்லில் அமினோ அமிலங்கள் இருக்கக் கண்டார்கள். நம் உடம்பின் புரதங்கள் யாவும் இவற்றைக் கோத்த மாலைகளே. ஆனால் கல்லைத் தொட்டவரின் கைவியர்வையிலும் அமினோ அமிலம் உண்டே! அது ஒட்டிக்கொண்டதல்லவென்று எப்படித் தெரியும்?

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. இவ்வமிலங்களில் அநேகம், வலக்கை இடக்கை போல இரு வடிவங்களில் அமையும். பூமியிலுள்ள உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவையே உபயோகிக்கின்றன. கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாயிருந்தன. புரதங்களில் காணப்படாத அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை பூமிக்கு வெளியே உண்டானவையென்று 1970 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

பின்னர், பென்னு என்ற சிறு கோளிலிருந்து அள்ளிய 121.6 கிராம் மண்ணும் கல்லும், மூடிய பெட்டியில் 2023-ல் பூமிக்கு வந்து சேர்ந்தன. நம் புரதங்களுக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களில் 14-ம், மரபுப் பொருளின் 5 மூலக்காரங்களும் அதில் உள்ளனவென்று 2025-ல் அறிவித்தார்கள்.

இது உயிராகுமா? பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. செங்கல்லும் மணலும் சிமெண்டும் குவிந்து கிடந்தால் வீடாகிவிடாது. இப்பொருள்கள் சேர்ந்து ஜீவனான விதத்தை இதுவரை எவரும் செய்து காட்டவில்லை.

ஆனால் இதையே நமக்கு அரணாகக் கொள்வது தகாது. நாளை ஒருவர் செய்து காட்டினாலும் நம் விசுவாசம் தள்ளாட வேண்டியதில்லை. சர்வேசுரன் மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கினார் என்கிறது வேதம். அந்த மண்ணின் சரித்திரத்தைத்தானே இவர்கள் தேடுகிறார்கள்? வத்திக்கான் வானசாஸ்திர நிலையமும் விண்கற்களைச் சேமித்து ஆராய்ந்து வருகிறதே!

ஆகையால் பெற்றோரே, இன்றிரவு பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். வானத்தைக் காட்டுங்கள். அவர்கள் பயமின்றிக் கேட்கட்டும்.