ஆட்டை விற்கும் முன் அத்தையிடம் கேட்டீர்களா?



"மாமியாருக்கு வயசாயிடுச்சு, இனிமே ஆட்டை வித்துடலாம்னு இருக்கோம்." குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் விற்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

நாம் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். அப்போது ஆடு, கோழி, நாய்தான் அவர்களுக்குத் துணை.

இதனால் என்ன நன்மை?

1. உடல்: தழை ஒடிப்பது, தண்ணீர் காட்டுவது என்று நடமாட்டம் இருக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கை, கால் சீக்கிரம் பலம் குறையும்.

2. மனசு: நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவர் உடலிலும் 'ஆக்ஸிடோசின்' கூடுவதை 2015-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். தாய் பால் கொடுக்கும்போது சுரப்பதும் இதுதான்.

3. மதிப்பு: "நான் போகலைன்னா ஆடு பட்டினி கிடக்கும்" என்ற எண்ணமே காலையில் எழ வைக்கும். 'நாம் யாருக்கும் பாரமில்லை' என்ற தைரியம் வரும்.

ஆனால் இது மருந்துக்கு மாற்று இல்லை. பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:

* கொட்டகை கூட்டுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது நம் வேலை. தீவனம் வைப்பது அவர்கள் வேலை.
* ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்க வேண்டாம். ஆடு இழுத்தால் விழுந்துவிடுவார்கள்.
* தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
* நாய்க்கு வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். வீட்டு நாயே கடித்தாலும் பிராண்டினாலும், காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது.

முடியவே முடியாத நிலையா? நான்கு ஆட்டில் ஒன்றையாவது விட்டு வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் இரண்டு கோழி போதும். விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வளர்த்த ஆட்டின் பணத்தில் ஒரு பங்கை அவர்கள் கையில் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் ஊரில் பகலில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்?
2. ஆட்டுக் கடன் வாங்கும்போது, வளர்க்கப் போகும் பெரியவரிடம் கேட்டோமா?