பிரேக் மறுபடி மறுபடி இறங்குதா தம்பி?

அப்பாவின் அம்பாசிடரை நீ எடுத்து ஓட்டுவதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் பெடல் இறங்குவதும், ஏர் எடுப்பதும், கொஞ்ச நாளில் மறுபடி இறங்குவதுமாக இருப்பது நல்லதில்லை. பைப்புக்குள் காற்று தானாக முளைக்காது. எங்கிருந்தோ நுழைகிறது, இல்லையென்றால் கோளாறு காற்றே இல்லை. அதைக் கண்டுபிடிக்காமல் ஏர் மட்டும் எடுப்பதை நான் ரிப்பேர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பெடலை மிதித்துப் பாரு. மிதித்து அப்படியே அழுத்திப் பிடி. முதலில் கெட்டியாக நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழே போகிறதா? வெளியே ஒழுகலும் இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் கசிகிறது. முதல் மிதியில் நன்றாக இறங்கி, உடனே இரண்டாவது மிதியில் மேலேயே கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். நாலு சக்கரத்திலும் அட்ஜஸ்ட் பண்ணினால் சரியாகும். பம்ப் பண்ணப் பண்ணக் கொஞ்சம் ஏறி, அப்போதும் பஞ்சு மாதிரி அமுங்கினால்தான் காற்று என்று சந்தேகப்படு.

எந்தச் சக்கரம் என்று தெரிய, ரப்பர் ஹோஸ் மூன்றையும் (முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று) ஹோஸ் கிளாம்ப் போட்டு அடைக்க மெக்கானிக்கிடம் சொல்லு. பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. பிறகு கிளாம்பை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். எதை எடுத்ததும் பெடல் இறங்குகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். பிளேயரால் நெரிக்க விடாதே, ஹோஸ் உள்பக்கம் கிழிந்துவிடும். வெடிப்பு விட்ட ஹோஸ் என்றால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடு. மிதிக்கும்போது அது உப்பினாலும் பெடல் இப்படித்தான் இருக்கும்.

டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாரு. உள்ளே ஈரம் இருந்தால் கப் போய்விட்டது. புது கப் போடுவதற்கு முன் சிலிண்டரின் உள்சுவரை நகத்தால் தடவு. குழி தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்று, அதில் எந்தக் கப்பும் நிலைக்காது. துடைக்க பெட்ரோல் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்; பிரேக் ஆயிலே போதும்.

ஒழுகலே இல்லை, கப்பெல்லாம் புதுசு, ஆனாலும் காற்று வருகிறது என்றால் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் கடைசியில் ஒரு சின்ன செக் வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் லைனில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். அந்த அழுத்தம்தான் வீல் சிலிண்டர் கப்பின் உதட்டைச் சுவரோடு ஒட்டி நிறுத்துகிறது. வால்வு இல்லாவிட்டால், காலைச் சட்டென்று எடுக்கும்போது கப் வழியாகக் காற்று உள்ளே இழுக்கும், ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே வராது. ஓவர்ஹாலில் இந்த வால்வைப் போடாமலே மூடிவிடுவது உண்டு. கழற்றிய சாமான்களைத் துணியில் வரிசையாக வைக்கச் சொல்லி, வால்வைக் கண்ணால் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லு.

குன்னூர் மாதிரி மலை இறங்கும்போது மட்டும் பெடல் மெத்தென்று ஆகி, ஆறினதும் சரியானால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் குடித்த பிறகு 140-லேயே கொதித்து ஆவியாகலாம். 2 வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்று.

ஏர் எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்தில், நம் வண்டியில் இடது பின் சக்கரத்தில், ஆரம்பி. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை அடிவரை அமுக்கினால் கப் துருப்பிடித்த இடத்துக்குப் போய்க் கிழியும்.

பழைய அம்பாசிடரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஓரிடத்தில் விட்டால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் பெடல் இறங்குகிற வண்டியைக் கடைவரைகூட ஓட்டாதே, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லு. செலவை அக்கா பார்த்துக்கொள்கிறேன்.